கையடக்கச் சங்கீத யந்திரமும் நாதத்தின் தரமும்: ஒரு விசாரணை

சட்டைப் பையில் அடங்கக்கூடிய ஒரு சங்கீத யந்திரத்தை வாங்க எண்ணுகிறவர், அழகையும் விலையையும் ஒதுக்கிவைத்துவிட்டு, 'இவற்றுள் எது நன்றாகப் பாடும்?' என்ற கேள்வியை மாத்திரம் நாலு பேரிடம் கேட்பாரானால், அவருக்குக் கிடைக்கும் விடைகள் இரண்டு பக்ஷமாகப் பிரிந்து நிற்கக் காண்பார். யந்திரத்துக்கு யந்திரம் நாதம் வேறுபடும், விலை ஏற ஏற வித்துவான் எதிரே உட்கார்ந்து பாடுவது போன்ற அநுபவம் கிட்டும் என்பார்கள் ஒரு பக்ஷத்தார். எல்லாம் ஒன்றுதான், கையிலிருக்கும் செல்போனே போதும், மிச்சமெல்லாம் வியாபாரத் தந்திரம் என்று ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிடுவார்கள் மற்றொரு பக்ஷத்தார். இரு சாராருமே பொய் சொல்லவில்லை. ஆனால் எந்தக் காலத்து யந்திரத்தில், எந்த ஹெட்போனைச் செருகி, எந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுப் பேசுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு காலத்தில் நாதத்தின் தலையெழுத்தை நிர்ணயித்தது யந்திரந்தான் என்பதும், அந்த ஆதிக்கம் படிப்படியாகக் குறைந்து, இன்று ஒலிப்பதிவுக்கும் காதில் வைக்கும் கருவிக்கும் அடுத்த மூன்றாவது ஸ்தானத்துக்கு அது இறங்கிவிட்டது என்பதும், ஆயினும் சில சந்தர்ப்பங்களில் அந்த மூன்றாவது ஸ்தானத்திலிருந்துகொண்டே காரியத்தைக் கெடுக்கும் சக்தி அதற்கு இன்னும் உண்டு என்பதும் என் அபிப்பிராயம்.

இதன் பூர்வ கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1958-ஆம் வருஷம் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் நடந்த ஒலிச் சாதனக் கண்காட்சி ஒன்றில், ஜான் காஸ் என்பவர், கையில் தூக்கிச் செல்லக்கூடிய கிராமபோன் பெட்டி ஒன்றைக் கூட்டாளியோடு சேர்ந்து தயாரித்துக் காட்சிக்கு வைத்தார். பக்கத்திலிருப்பவருக்குத் தொந்தரவின்றித் தனித்துக் கேட்பதற்காக அந்தப் பெட்டியோடு ஸ்டீரியோ ஹெட்போன் ஒன்றும் சேர்க்கப்பட்டிருந்தது. வந்தவர்கள் பெட்டியைக் கவனித்ததைவிட ஹெட்போனைக் காதில் வைத்து வியந்ததே அதிகம். பெட்டி மறைந்தது, ஹெட்போனோ ஒரு பெரிய தொழிலாக வளர்ந்தது. 1979 ஜூலை 1-ஆம் தேதி ஜப்பானில் 33,000 யென் விலையில் ஸோனி கம்பெனி வாக்மேனை வெளியிட்டபோதும் கதை ஏறக்குறைய அப்படியேதான். நீண்ட விமானப் பிரயாணங்களில் சங்கீதம் கேட்க வேண்டும் என்ற, கம்பெனியின் ஸ்தாபகர்களுள் ஒருவரான மஸாரு இபுகாவின் விருப்பத்திலிருந்து பிறந்து, மற்றொரு ஸ்தாபகரான அகியோ மொரிட்டாவின் பிடிவாதத்தால் சந்தைக்கு வந்த அந்த யந்திரத்தில், ஒலிப்பதிவு செய்யும் வசதி கிடையாது. பதிவு செய்யத் தெரியாத டேப் யந்திரத்தை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்குள்ளேயே சந்தேகம் எழுந்ததாம். அந்நாளைய ஹெட்போன்கள் தலைப்பாகை போலக் கனத்துக் கிடக்க, இதனோடு வந்ததோ 50 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள சிறு கருவி. வாக்மேனை மாட்டிக்கொண்டவர்கள் கண்ட அதிசயத்தில் பாதிக்கு மேல் அந்த ஹெட்போனுக்கே உரியது என்று நினைக்கிறேன்.

எனினும் காஸெட்டின் காலத்தில் யந்திரத்தை அலட்சியம் செய்ய முடியாது. பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் பெர்லின் கண்காட்சியில் காஸெட்டை அறிமுகப்படுத்தியபோது, அது சங்கீதத்துக்கென்று உண்டானதன்று. கடிதங்களைச் சொல்லிப் பதிந்துகொள்ளும் ஆபீஸ் சாதனமாகவே கருதப்பட்டது. நான்கு மில்லிமீட்டர்கூட அகலம் இல்லாத நாடாவில் நான்கு தடங்கள்; நாடா ஓடும் வேகமோ விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். இவ்வளவு குறுகிய இடத்தில், இவ்வளவு நிதானமாக ஓடும் நாடாவில் பதிந்த சங்கீதத்தோடு 'உஸ்' என்ற இரைச்சலும் கூடவே பிறந்தது. இதற்கு ரே டால்பி என்ற எஞ்சினியர் கண்ட உபாயம், மெல்லிய மேல்ஸ்தாயி ஒலிகளைப் பதியும்போது உயர்த்தி, ஒலிக்கச் செய்யும்போது அதே அளவுக்குத் தாழ்த்திவிடுவது. தாழ்த்தும்போது இரைச்சலும் சேர்ந்து தாழ்ந்துவிடும். மற்றொரு சங்கடம் மோட்டார். நாடாவின் வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தால் பாட்டு முழுவதும் ஒரு ஸ்வர ஸ்தானம் இறங்கிவிடும்; பாட்டரி தளர்ந்த யந்திரத்தில் கச்சேரி கேட்டவர்கள், தம்பூராவும் பாடகரும் சேர்ந்தே சரிந்து போவதை அநுபவித்திருப்பார்கள். வேகம் மொத்தத்தில் சரியாக இருந்து கணத்துக்குக் கணம் ஆடினாலோ, நாகஸ்வரத்தின் நீண்ட கார்வை நடுங்கும். கமகம் எது, மோட்டாரின் குளறுபடி எது என்று பிரித்தறிவது பழகிய காதுக்கே கஷ்டம். நாடாவைப் படிக்கும் ஹெட் இம்மி அளவு சாய்ந்திருந்தாலும், அதன்மேல் நாடாவின் பழுப்புத் தூள் படிந்திருந்தாலும் மேல்ஸ்தாயி மங்கிவிடும்; பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்து, பஞ்சு பழுப்பேறிய பிறகு மறுபடி நாடாவை ஓட விட்டால், அதுவரை காணாமற்போயிருந்த ஜால்ரா திரும்ப வந்து கேட்கும். யந்திரத்தின் யோக்கியதை காதுக்குப் பிரத்தியட்சமாகத் தெரிந்த காலம் அது.

1982-இல் காம்பாக்ட் டிஸ்க் வந்ததும், 1984-இல் ஸோனி அதைக் கையில் எடுத்துச் செல்லும்படி செய்ததும் இந்த நிலைமையை அடியோடு மாற்றிவிட்டன. ஒலியலையை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதிவைக்கும் முறையில், வேகத்தைக் கட்டுப்படுத்துவது மோட்டாரின் வேலையாக இராமல் படிகக் கடிகாரத்தின் வேலையாகிவிட்டபடியால், சுருதி ஆடும் பேச்சே எழவில்லை. 16 பிட் என்பது மிக மெல்லிய ஒலிக்கும் மிக வலிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி தருகிறது. நிசப்தமான அறையிலும் 30 டெசிபல் அளவு சந்தடி இருந்துகொண்டேதான் இருக்கும்; அதற்கு மேல் 96-ஐக் கூட்டினால் காது வலிக்கும் எல்லையே வந்துவிடும். பாட்டுக் கேட்கும் மனிதனுக்கு இதற்கு மேல் என்ன அவசியம் என்ற கேள்வி அன்றே எழுந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

அடுத்து வந்தது சுருக்கம். டிஸ்க்கில் விநாடிக்கு 14 லட்சம் பிட்டுகளாக ஓடிய சங்கீதத்தை, ஒரு வலிய ஒலி அருகிலிருக்கும் மெல்லிய ஒலியைக் காதுக்கு மறைத்துவிடுகிறது என்ற சாஸ்திர உண்மையை ஆதாரமாகக் கொண்டு, கேளாத பகுதியைக் கழித்துப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் வித்தையை ஜெர்மனியில் எர்லாங்கனிலுள்ள பிரௌன்ஹோபர் நிலயத்தார் சாதித்தார்கள். அவர்களில் முக்கியமானவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டென்பர்க், ஸுஸான் வேகா என்ற பாடகி பக்கவாத்தியமின்றிப் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டே தம் முறையைச் செப்பனிட்டாராம்; தனிக் குரலில் பிழையை ஒளிக்க இடமில்லை அல்லவா? எம்பி3 என்று பெயர் பெற்ற இந்த முறையை 1998-இல் ரியோ என்ற சிறு யந்திரம் சட்டைப் பைக்குக் கொண்டுவந்தது. அதன் 32 மெகாபைட் ஞாபகசக்தியில், விநாடிக்கு 128 கிலோபிட் வீதம் சுருக்கினாலும் சுமார் அரைமணிப் பாட்டுத்தான் அடங்கும். இடத்துக்காக இன்னும் சுருக்கினார்கள், சுருக்கச் சுருக்க நாதம் கெட்டது. சங்கீதம் எங்கே கெடுகிறது என்று காண விரும்புகிறவர், கஞ்சிராவின் சொடுக்கையோ ஜால்ராவின் தட்டையோ குறைந்த பிட் வீதத்தில் கேட்டுப் பார்க்கலாம்: தட்டு விழுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே மெல்லிய புகை போன்ற ஓசை கிளம்பி, தட்டின் கூர்மை மழுங்கிப் போயிருக்கும். 2001-இல் வந்த ஐபாடின் 5 கிகாபைட் தட்டில் ஆயிரம் பாட்டு என்று விளம்பரம் செய்தார்கள். அந்தக் கணக்கும் சுருக்கத்தை நம்பியதுதான். அதே வருஷம் பிறந்த ஃபிளாக் என்ற முறையோ ஒரு பிட்டையும் இழக்காமல் சுருக்குவது. இன்று 128 கிகாபைட் அட்டை ஒன்றில் இந்த முறைப்படி 300 மணி நேரத்துக்கு மேல் சங்கீதம் அடங்கும் என்கிறபோது, குறைந்த வீதத்தில் சுருக்கிய பாட்டுக்களை வைத்துக்கொண்டு விலையுயர்ந்த யந்திரம் தேடுவது விவேகமாகாது. 256 கிலோபிட்டுக்கு மேற்பட்ட வீதத்தில் நன்றாகச் சுருக்கியதை மூலத்திலிருந்து பிரித்தறிவது பெரும்பாலோருக்கு இயலாத காரியம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஆக, எண்களைப் பிழையின்றிப் படிப்பது எல்லா யந்திரத்துக்கும் பொதுவாகிவிட்ட பிறகு, நாதத்தின் விஷயத்தில் யந்திரத்துக்கு எஞ்சிய கடமைகள் மூன்றே. தானாக இரைச்சல் போடாமல் இருக்க வேண்டும். ஹெட்போனின் சுபாவத்தைத் தன் தடையால் மாற்றாமல் இருக்க வேண்டும். வேண்டிய அளவு வோல்ட்டைக் கொடுக்க வேண்டும். முதலாவதைச் சோதிப்பது எளிது. நுட்பமான இயர்போனை மாட்டிக்கொண்டு, ஆலாபனைக்கு முன்னுள்ள மௌனத்தைக் கேட்க வேண்டும். பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பது பயன்படாது; அநேக யந்திரங்கள் பாட்டு நின்றதும் தம் ஆம்ப்ளிபையரையே அணைத்துவிடுகின்றன.

இரண்டாவது கடமையே விற்பனையாளர்கள் அதிகம் பேசாத, ஆனால் மிக முக்கியமான விஷயம். ஒவ்வொரு யந்திரத்தின் வெளிவாயிலிலும் ஒரு மின்தடை உண்டு. ஹெட்போனுக்கும் தன் தடை உண்டு. வோல்ட் இவ்விரண்டுக்கும் இடையே பங்கு போடப்படுகிறது. சாதாரண இயர்போனின் தடை எல்லா ஸ்வரத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒலி சற்றுத் தாழும், அவ்வளவே. ஆர்மெச்சூர் என்ற நுண்கருவிகள் பலவற்றை உள்ளே அடுக்கிய உயர்ந்த இயர்போன்களிலோ, தடை ஸ்தாயிக்கு ஸ்தாயி ஏறி இறங்கும். ஓர் இடத்தில் 12 ஓம், வேறோர் இடத்தில் 60 ஓம் என்று வைத்துக்கொள்வோம். யந்திரத்தின் தடை 1 ஓம் ஆனால், இவ்விரு ஸ்தாயிகளுக்குள் ஏற்படும் ஏற்றத்தாழ்வு அரை டெசிபல், காது பொருட்படுத்தாது. அதே தடை 22 ஓம் ஆனால் ஏற்றத்தாழ்வு 6 டெசிபலுக்கு மேல் போய்விடும். அது யாருக்கும் தெரியும். இந்த 22 என்ற எண்ணை நான் கற்பனையாக எடுத்துக்கொள்ளவில்லை. 2012-இல் தென் கொரியாவின் ஐரிவர் கம்பெனி, ஆஸ்டெல் அண்ட் கெர்ன் என்ற பெயரில் ரசிகர்களுக்கென்றே செய்து வெளியிட்ட ஏகே100 யந்திரத்தின் தடை அதுவே. ஆட்சேபம் வந்த பிறகு, அடுத்த பதிப்பில் 3 ஓமாகக் குறைத்தார்கள். உயர்ந்த விலை கொடுத்து அந்த முதற் பதிப்பை வாங்கி, உயர்ந்த இயர்போனை அதில் மாட்டியவருக்கு நிச்சயமாக வேறுபட்ட நாதம் கேட்டிருக்கும். ஆனால் அது இயர்போனைச் செய்தவர் உத்தேசித்த நாதமன்று. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னே, 30 கிராம் எடைகூட இல்லாமல், சொற்ப விலைக்கு விற்ற ஸான்டிஸ்க் கம்பெனியின் கிளிப் என்ற யந்திரம் ஏறக்குறைய ஒரே ஓம் தடையோடு வந்து, இந்தப் பரீட்சையில் சுலபமாகத் தேறியது. ஹெட்போனின் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் யந்திரத்தின் தடை இருக்கலாகாது என்பது நிபுணர்கள் வகுத்த பிரமாணம்.

வோல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வோல்ட் தரும் யந்திரம் 32 ஓம் இயர்போனுக்கு 31 மில்லிவாட் கொடுக்கிறது. காதைச் செவிடாக்கவும் அது போதும். ஸென்ஹைஸர் கம்பெனியின் எச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்கோ அதே வோல்ட் 3 மில்லிவாட்டுக்குச் சற்று மேல்தான் தரும். வீணையின் மெல்லிய மீட்டை ரசிக்க அது போதினும், பெரிய வாத்திய கோஷ்டியின் உச்சத்துக்குப் போதாது. அப்படிப்பட்ட ஹெட்போனை வைத்திருப்பவர் தனி யந்திரம் தேடுவதில் நியாயம் இருக்கிறது. இப்போது வரும் 4.4 மில்லிமீட்டர் வாயிலுள்ள யந்திரங்கள் ஏறக்குறைய இருமடங்கு வோல்ட் தருகின்றன என்பதும் அவர் அறிய வேண்டியது.

இந்த மூன்றையும் விட்டுவிட்டு, உள்ளே இருந்து எண்ணை ஒலியாக மாற்றும் சிப்பின் பெயரைக் கேட்டு வாங்கும் வழக்கம் எப்படியோ பரவிவிட்டது. 2006-இல் வந்த ஐபாடில் எடின்பரோவின் உல்ஃப்ஸன் கம்பெனி செய்த சிப் இருந்தது. அடுத்த வருஷம் ஆப்பிள் வேறு கம்பெனிக்கு மாறியதும், பழையதே மதுரம் என்று ஒரு பக்தர் கூட்டம் கிளம்பி, அந்தப் பழைய யந்திரங்களைத் தேடிப்பிடித்து, பாட்டரியை மாற்றி, சுழலும் தட்டை எடுத்துவிட்டு ஞாபக அட்டையைப் பொருத்திப் பாதுகாக்கிறது. அந்த உழைப்பை நான் பரிகசிக்க மாட்டேன். சக்கரத்தைச் சுழற்றிப் பாட்டைத் தேடும் சுகமும், பழகிய பொருளின் மேலுள்ள பிரியமும் மெய்யானவை. ஆனால் சிப்புகளின் குறைகள் காது எட்டாத ஆழத்துக்கு இறங்கி வெகுகாலமாயிற்று. நல்ல சிப்பையும் மோசமான ஆம்ப்ளிபையர் கெடுத்துவிடும். சிப்போடு நில்லாமல் உடம்பின் உலோகத்தைப் பார்த்து வாங்குவதும் உண்டு: 2016-இல் ஸோனி வெளியிட்ட டபிள்யூ.எம்1ஸெட் என்ற யந்திரத்தின் உடம்பு செம்பில் கடைந்து தங்க முலாம் பூசியது. விலை 3,000 டாலருக்கு மேல். எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சட்டைப் பை அதைத் தாங்குமா என்பது தையற்காரர் சொல்ல வேண்டியது.

இனி, ஒத்திவைத்த கேள்வி. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விளம்பரப்படுத்தப்படும் உயர் அளவைப் பதிவுகள் காதுக்குத் தெரியுமா? பாடகர் நீல் யங் இதை நம்பி, 2014-இல் போனோ என்ற முக்கோண வடிவ யந்திரத்துக்காகப் பொதுமக்களிடம் முன்பணம் கேட்டபோது, 18,000 பேருக்கு மேல் சேர்ந்து 62 லட்சம் டாலர் கொடுத்தார்கள். யந்திரம் வந்தது, ரசிகர்கள் சிலர் கொண்டாடினார்கள், மூன்று வருஷத்துக்குள் அந்த முயற்சியே நின்றுவிட்டது. இதற்கு முன்பே, 2007-இல் மேயர், மோரன் என்ற பெயருள்ள பாஸ்டன்காரர் இருவர், உயர் அளவை டிஸ்க்குகளின் ஒலியை அப்படியே ஒரு தடவையும், அதே ஒலியைச் சாதாரண 16 பிட் வாயிலாகச் செலுத்தி மற்றொரு தடவையும் கேட்கச் செய்து, எது எது என்று கேட்டார்கள். 554 தடவை நடந்த பரீட்சையில் சரியான விடை பாதிக்குச் சற்றுக் குறைவு. காசைச் சுண்டிப்போட்டுச் சொன்னாலும் அதே பலன் வந்திருக்கும். 2016-இல் லண்டன் குவீன் மேரி சர்வகலாசாலையின் ஜோஷுவா ரைஸ், 18 ஆராய்ச்சிகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டு, சரியான விடை நூற்றுக்கு 52.3 என்றும், பயிற்சி பெற்றவர்களிடம் அது இன்னும் கூடுகிறது என்றும் கண்டார். ஆகவே வித்தியாசம் அறவே இல்லை என்று அடித்துச் சொல்வதற்கில்லை. இருக்குமானால் அது சூக்ஷ்மத்திலும் சூக்ஷ்மம். பாஸ்டன்காரர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: தாங்கள் கேட்ட உயர் அளவை டிஸ்க்குகளில் பல, சாதாரண டிஸ்க்குகளைவிட நன்றாகவே ஒலித்தன என்றும், அதற்குக் காரணம் அவற்றை ஆக்கியவர்களின் சிரத்தை என்றும். இந்தச் சர்ச்சை முழுவதிலும் எனக்கு மிகவும் உபயோகமாகத் தோன்றும் செய்தி அதுதான். பதிவுக்கூடத்தில் ஒலியை நசுக்கி, ஆதியந்தம் ஒரே உரப்பாக்கி வெளியிட்ட பாட்டை எந்த யந்திரமும் மீட்டுத் தர முடியாது. அதேபோல், 78 சுற்று இசைத்தட்டிலிருந்து எடுத்த பழைய பாட்டை 24 பிட் பெட்டியில் போட்டு வைப்பதால், அந்தத் தட்டில் பதியாத மேல்ஸ்தாயி எங்கிருந்தும் வந்துவிடாது.

செல்போனின் கதை வேறு. 2016-இல் ஐபோனிலிருந்து ஹெட்போன் துளை நீக்கப்பட்டு, மற்றக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் பின்பற்றிய பிறகு, கம்பியில்லாமல் கேட்பதே ஜனங்களின் வழக்கமாகிவிட்டது. புளூடூத்தில் கேட்கிறவர் ஒன்றை உணர வேண்டும்: எண்ணை ஒலியாக மாற்றும் சிப்பும் ஆம்ப்ளிபையரும் அப்போது ஹெட்போனுக்குள்ளேயே இருக்கின்றன, யந்திரம் வெறும் தபால்காரன். புளூடூத்தில் சங்கீதம் மறுபடி சுருக்கப்படுகிறது என்பது உண்மையே. ஸோனியின் எல்டேக் முறையும் அதிகபட்சம் 990 கிலோபிட்தான், ரேடியோ அலைகளின் நெரிசல் மிகுந்த இடத்தில் அதிலும் மூன்றில் ஒரு பங்காக இறங்கும். ஆயினும் புளூடூத்தில் மாத்திரம் கேட்கிறவர் தனி யந்திரத்துக்குப் பணம் கொடுப்பது அநேகமாக வீண். கம்பியை விட மனமில்லாதவருக்கோ, 9 டாலர் விலையில் ஆப்பிள் விற்ற, செல்போனில் ஹெட்போனைச் செருக உதவும் விரல் நீளத் துண்டுக் கம்பி, தடையிலும் நிசப்தத்திலும் விலையுயர்ந்த பல யந்திரங்களுக்கு ஈடுகொடுக்கிறது. ஐரோப்பாவுக்கென்று செய்த துண்டு பாதி வோல்ட்டே தரும் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

காதில் வைக்கும் கருவிக்கு வந்தோமானால் எல்லா அளவுகளும் பெரிதாகிவிடுகின்றன. இரண்டு நல்ல யந்திரங்களுக்குள் ஒரு டெசிபலின் பின்னத்தில் அளக்க வேண்டிய வித்தியாசம், இரண்டு ஹெட்போன்களுக்குள் பத்து டெசிபல் வரைகூடப் போகும். கருவி ஒன்றே ஆனாலும், காதில் பொருந்தும் விதத்தால் அது வேறு கருவியாகிவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பி கேட்கவில்லை என்று யந்திரத்தை நோகிறவர் முதலில் செய்ய வேண்டிய காரியம் இது: நுரையாலான முனையை இரு விரலுக்கிடையே திரி போல உருட்டி ஒடுக்கி, மற்றொரு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, முனையை உள்ளே செலுத்தி, அது விரிந்து நிரம்பும் வரை அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும். வெளிச் சந்தடி அடங்கும். அடங்கிய அதே சமயத்தில் தொப்பியின் கும்காரம் எழுந்து வரும். முனையின் அளவு தவறி ஓரத்தில் இம்மி இடைவெளி விழுந்தாலும் கீழ்ஸ்தாயி அவ்வழியே ஒழுகிப்போய்விடும். பெட்டியோடு இலவசமாக வரும் மூன்று அளவு முனைகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், அடுத்த யந்திரத்துக்கு விலை விசாரிப்பவர்கள் எத்தனையோ பேர்.

கடையில் இரண்டு யந்திரங்களை ஒப்பிடும்போது ஏமாற்றும் பொருள் வேறொன்று உண்டு, அது உரப்பு. ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது 'கூடுதல்' என்று உணராது. 'தெளிவு' என்றும் 'கனம்' என்றும் மயங்கும். ஸ்தாயிக்கு ஸ்தாயியும், உரப்புக்கு உரப்பும் காதின் உணர்ச்சி மாறுவதைப் பிளெட்சர், மன்ஸன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே அளந்து காட்டினார்கள். ஒலி உயர உயரக் கீழ்ஸ்தாயி நிறைந்தது போலத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான். ஆகையால் இரண்டின் உரப்பையும் சமமாக்கிய பிறகு, எது எது என்று தெரியாதபடி மற்றொருவர் மாற்றி மாற்றிக் கொடுக்கக் கேட்டால்தான் தீர்ப்பு தீர்ப்பாகும். பரீட்சைக்கு நீண்ட சினிமாப் பாட்டைவிட, தம்பூராவோடு ஒரு குரல் மாத்திரம் ஒலிக்கும் அரை நிமிஷத் துண்டு மேலானது. காது ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருப்பதற்கு அதில் இடமிருக்கிறது. உரப்பைப் பற்றிப் பேசுகையில் இதையும் சொல்ல வேண்டும்: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்றும், 90 ஆனால் நான்கே மணி என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் வரம்பு கட்டியிருக்கிறது. பஸ் இரைச்சலுக்கு மேல் கேட்க ஒலியை ஏற்றுகிறவருக்கு, இரைச்சலைத் தடுத்து நிறுத்தும் இயர்போனே சங்கீதத்தையும் செவியையும் சேர்த்துக் காப்பாற்றும்.

இவ்வளவுக்கும் பிறகு தனி யந்திரம் யாருக்கு வேண்டும் என்றால், 300 ஓம் ஹெட்போனைத் தெருவிலும் ரயிலிலும் கேட்க விரும்புகிறவருக்கும், ஆர்மெச்சூர் இயர்போனின் சுபாவம் மாறாதிருக்க வேண்டும் என்கிறவருக்கும், பாட்டுக்கு நடுவே டெலிபோன் மணி அடிப்பதைப் பொறுக்க மாட்டாதவருக்கும் வேண்டும். இந்தக் கடைசிக் காரணத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை; ஒரு வர்ணத்தைக் குறுக்கீடு இல்லாமல் முழுவதும் கேட்பதும் நாதத்தின் தரத்தைச் சேர்ந்ததுதான். அப்படி வாங்குகிறவர், தடை 2 ஓமுக்குள் இருக்கிறதா, ஞாபக அட்டைக்கு இடம் இருக்கிறதா, பையிலிருந்து எடுக்காமலே விரலால் தடவிப் பாட்டை மாற்றுவதற்குப் பித்தான்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பாட்டரியை மாற்றித் தருவார்களா என்பதையும் கடைக்காரரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. அநேகமாக எல்லா யந்திரத்திலும் முதலில் தேய்ந்து போவது பாட்டரிதான், அதைப் பல கம்பெனிகள் பிசின் வைத்து உள்ளே ஒட்டிவிடுகின்றன.